ஸ்ரீராம்புரத்தில் ‘சுமிமாசென்’

மலேசியாவிலிருந்து பெங்களூர் வந்து இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் தவறான இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் ஸ்ரீராம்புரம் என்றுதான் சொன்னேன். ஆட்டோக்காரர் ஈஜிபுராவில் கொண்டுவந்து நிறுத்தி, “எந்த கிராஸ் சார்?” என்றார்.

“ஸ்டெல்லா டீச்சர் வீடு” என்றேன், ஏதோ எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வந்து விசாரிக்கிறவன் மாதிரி. அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

“நீங்க பேசனது சரியா காதுல வுழல சார். ஏர்போர்ட்லேர்ந்து தமிழு பேசிக்கினு வர்றவங்க நெறைய பேரு இங்கதான் எறங்குவாங்க. நீங்களும் அப்படித்தான்னு நெனச்சி வந்துட்டேன்.”

ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினோம். வழியில் முன்னால் போன லாரிக்காரரைக் கன்னடத்தில் திட்டினார். பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரரிடம் உருதுவில் தீப்பெட்டி கேட்டார். எனக்குத் தமிழில் ஆறுதல் சொன்னார். நாங்களும் ஈப்போவில் மூன்று மொழி பேசுகிறவர்கள்தான். ஆனால் ஒரே சிக்னலில் மூன்றையும் பேச எனக்கு வராது.

நான் வந்த காரியமும் மொழி சம்பந்தப்பட்டதுதான். அந்த வருஷம், 1998, மே மாதம் இந்தியா பாலைவனத்துக்கு அடியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. ஸ்ரீராம்புரத்துத் தெருவில் லட்டு கொடுத்தார்களாம். ஸ்டெல்லாவுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. குண்டுக்குப் பிறகு ஜப்பான்காரர்கள் எடுத்த படங்களில் ஒன்றின் சுருளை எங்கெங்கோ அலைந்து கடன் வாங்கிவிட்டாள். படம் பேசுவது ஜப்பானிய மொழி, அடியில் ஓடும் எழுத்து இங்கிலீஷ். பார்க்கப்போகிறவர்களோ குப்பை வண்டி தள்ளுகிறவர்கள், கூலி வேலைக்காரர்கள், கோலார் தங்கவயல் சுரங்கத்தை விட்டு இங்கே வந்து ஒதுங்கியவர்கள். “ஜப்பான் கம்பெனியில இருபத்தஞ்சு வருசம் இருந்தீங்களே, நீங்க வந்து மைக்குல தமிழ்ல பேசுங்கண்ணா” என்று கடிதம் போட்டாள்.

ஸ்டெல்லா எனக்குத் தங்கை முறை. எங்கள் தாத்தாக்கள் இருவரும் கூடப் பிறந்தவர்கள். வட ஆற்காட்டில் பிழைக்க வழியில்லாமல் ஒருவர் தங்கவயலில் பூமிக்குள் இறங்கினார். மற்றவர் மலாயாவுக்குக் கப்பலேறிப் பால்மரம் வெட்டினார். தங்கவயல் கிளை வேதத்துக்கு மாறியது. நாங்கள் முனியாண்டியோடு இருந்துவிட்டோம்.

ஆட்டோ நுழையாத சந்தில் அவள் வீடு. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கணவர் இல்லை, மகன் வெளியூரில் படிக்கிறான். கட்டிலில் முழங்கையை முட்டியில் ஊன்றி முன்பக்கம் குனிந்தபடி அவளுடைய அண்ணன் ஆரோக்கியசாமி உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர், பார்த்தால் பத்து வயது மூத்தவர். சுரங்கத்துக் கல்தூசி நுரையீரலில் படிந்துவிட்டது. “வாங்கண்ணா” என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு முறை மூச்சு இழுத்தார்.

“பசியாறியாச்சா?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் சாப்பிட்டாயிற்றா என்று அப்படித்தான் கேட்போம். அவர் யோசித்துவிட்டு, “பசி ஆறிப்போய் ரொம்ப நாளாச்சிண்ணா” என்றார்.

ஸ்டெல்லா எனக்காக மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துத் தேங்காய் துருவிப் போட்டிருந்தாள். தட்டைத் தள்ளிவைத்தேன். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் மூன்று வருஷம் அதை மட்டுமே தின்ற எங்கள் அம்மா பிறகு அதை வீட்டுக்குள் விட்டதில்லை. ஐம்பத்தைந்து வயதாகியும் அந்தச் சட்டத்தை மீற எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆரோக்கியம் என்னை ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். சாம்பாரில் வெல்லம். முதல் வாய்க்கு என் நாக்கு கோபித்துக்கொண்டது, மூன்றாவது இட்லிக்கு சமாதானமாகிவிட்டது. “பை டூ காபி” என்று சொன்னார். ஒரே காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் கோப்பிக் கடையில் இப்படிக் கேட்டால் கடைக்காரச் சீனன் மேலும் கீழும் பார்ப்பான். இங்கே அது கஞ்சத்தனம் இல்லை, பக்கத்தில் பேச ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

திரும்பும்போது, ரயில்வே லைனுக்குக் கீழே போகும் பாதையைக் காட்டி, அந்தப் பக்கம் என்ன என்று கேட்டேன். “ஒக்கலிபுரம்” என்றார். போய்ப் பார்க்கலாமா என்றேன்.

“அந்தப் பக்கம் வேணாண்ணா.”

மூச்சு முட்டுகிறது போல என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் மொட்டைமாடித் துணிக்கொடிக்கு அடியில் உட்கார்ந்து, படத்தோடு வந்த வசனத் தாள்களைத் தமிழாக்கினேன். கதை இதுதான். ஹிரோஷிமாவில் டிராம் ஓட்டுகிற ஒருவர் அன்று காலை வயிற்றுவலி என்று நண்பரிடம் ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறார். நண்பர் டிராமோடு எரிந்துபோகிறார். இவர் அவரைத் தேடி இரண்டு நாள் சாம்பலில் அலைகிறார். அந்தச் சாம்பலின் விஷம் இவர் உடம்பிலும் ஏறிவிடுகிறது. மீதிப் படம் முழுவதும் அதற்குப் பிந்தைய வருஷங்கள். குண்டு விழுவதைக் காட்டவே இல்லை, வெடிச்சத்தமும் இல்லை. ஒரு பெண் தலை வாருகிறாள், சீப்போடு முடி கொத்தாக வருகிறது, அவள் அதைச் சுருட்டி ஜன்னல் மேல் வைக்கிறாள். அவ்வளவுதான். அமெரிக்கர்கள் ஜப்பானை ஆண்ட வரைக்கும் குண்டைப் பற்றிச் சினிமாக்காரர்களை வாய் திறக்க விடவில்லை. அவர்கள் போன பிறகு வந்த படம் இது. வாயை மூடியே பழகிவிட்டதாலோ என்னவோ, திறந்த பிறகும் மெதுவாகத்தான் பேசுகிறார்கள்.

டிராம்காரர் வருஷா வருஷம் அந்த நாளில் நண்பரின் மனைவி வீட்டு வாசலில் போய் நிற்பார். “சுமிமாசென்” என்பார். அவளும் “சுமிமாசென்” என்பாள். ஷிஃப்ட் மாற்றியதை மட்டும் அவர் சொல்லவே மாட்டார். கடைசி வருஷம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மொட்டையாகிப்போன தலையோடு வந்து நிற்பார். மறுபடியும் அதே சொல். அதே பதில். படம் முடிந்துவிடும்.

அந்தச் சொல்லோடு இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். எங்கள் தொழிற்சாலையின் ஜப்பானிய மேலாளர் யாரையாவது இடித்தால் சுமிமாசென், டீ வாங்கினால் சுமிமாசென், கதவைத் தட்டினால் சுமிமாசென். மன்னியுங்கள், நன்றி, உள்ளே யார் எல்லாம் அதுவேதான். அதன் வேரில் ‘முடியவில்லை, தீரவில்லை’ என்ற பொருள் கிடக்கிறது என்று அவரே ஒருநாள் சொன்னார். உங்களுக்குச் செய்யவேண்டியதை நான் செய்து தீர்க்கவில்லை என்பதுதான் காலப்போக்கில் மன்னிப்பாகவும் நன்றியாகவும் மாறிப்போயிற்றாம்.

கடைசிக் காட்சிக்கு நோட்டில் “மன்னிச்சிடுங்க” என்று எழுதினேன். சத்தமாகப் படித்துப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.

என் அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனபோது நான் அம்மா வயிற்றில் இருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. எந்த மூங்கில் காட்டில் எந்தக் குழியில் கிடக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. “அந்தக் குண்ட இன்னும் முன்னாடியே போட்டிருந்தா உங்கப்பன் இருந்திருப்பாரு” என்று அம்மா சொல்வாள். அந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஜப்பான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, “உங்கப்பன கொண்டுபோனவன்கிட்டயே கைகட்டி நிக்கப்போறியா?” என்று கேட்டவள் ஒரு வருஷம் எனக்குத் தன் கையால் சோறு போடவில்லை. சாகும்வரை யாராவது ஒரு ஜப்பான்காரன் எங்கள் வாசலில் வந்து நிற்பான் என்று அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ, கேட்டதில்லை. யாரும் வரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை, படம் போடவிருந்த ஹாலில் மைக் பார்க்கப் போகும் வழியில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். “கடைசி வசனம் மட்டும் வேணாம்லா. படத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கட்டும். ஒரு ஜப்பான்காரனுக்காக என் வாயால மன்னிப்பு கேக்க முடியாது.”

அவள் நடுச்சந்தில் நின்றுவிட்டாள்.

“அந்த ஒரு வசனத்துக்குத்தாண்ணா உங்கள வரவழச்சேன்” என்றாள்.

பிறகு சொன்னாள். பதினான்கு வருஷத்துக்கு முன் தங்கவயலில் ஒரு நாள் ஆரோக்கியத்துக்கு ராத்திரி ஷிஃப்ட். அன்று ஸ்டெல்லா மகனுக்கு ஞானஸ்நானம். பக்கத்து வரிசை வீட்டு மாணிக்கத்திடம் வாய்வார்த்தையாக ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டார். சீட்டில் எழுதவில்லை. அந்த ராத்திரி கீழே அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தது. மாணிக்கத்தை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

“அவரு சம்சாரம் சரோஜாக்கா இப்ப ஒக்கலிபுரத்துல ஊதுபத்தி உருட்டறாங்க. இங்கேர்ந்து நடந்தா இருபது நிமிசம். எங்கண்ணன் இந்த ஊருக்கு வந்து ஒம்பது வருசமாச்சி, ஒருநாளும் போகல. டாக்டரு கிறிஸ்மஸ் தாண்டறதே கஷ்டம்னுட்டாரு. சொல்லாமயே செத்துட்டாருன்னா அந்தப் பாவம் என்னையும் சேத்துதாண்ணா. எம் பையனுக்காகத்தான மாத்திக்கினாரு?”

“நேரா அவர்கிட்டயே சொல்லலாமே?”

“சொன்னேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினாரு.”

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் அம்மா வாழ்நாளெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். இங்கே சரோஜாவின் வாசல் இருபது நிமிஷ நடையில் இருக்கிறது, போகவேண்டியவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். வசனத்தைப் பேசுகிறேன் என்றோ மாட்டேன் என்றோ நான் சொல்லவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்குப் படம். ஹால் ஜன்னல்களை வீடு வீடாக வாங்கிய கம்பளிகளால் மூடியிருந்தார்கள். பாதிப் படத்தில் ஒரு கம்பளி அவிழ்ந்து விழுந்து, ஹிரோஷிமாவின் மேல் ஸ்ரீராம்புரத்து வெயில் பளிச்சென்று அடித்தது. இரண்டு முறை ஃபிலிம் அறுந்தது. சீப்பில் முடி வந்தபோது முன்வரிசையில் ஒரு பெண், “ஐயோ தாயே” என்று தன் கொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

சுரங்கத்து ஆட்கள் பின்னால் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். படம் தொடங்கியதிலிருந்து அவர்களுடைய இருமல்தான் எனக்குப் பின்னணி இசை. டிராம்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “இன்னிக்கு ஒருநாள் என் ஷிஃப்ட்டை நீ பாத்துக்கறியா?” என்று கேட்டதை நான் மைக்கில் சொன்னேன். அந்த பெஞ்சில் இருமல் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. மழையில் நனைந்த வாசல். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். என் நோட்டில் “மன்னிச்சிடுங்க” என்று இருந்தது. அந்தத் தலையைப் பார்த்தேன். குழியில் கிடக்கும் என் அப்பாவுக்கும் கடைசியில் இப்படித்தான் தலை இருந்திருக்கும், காய்ச்சலிலும் பட்டினியிலும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார். நானும் திறந்தேன்.

“இன்னும் தீரலைங்க” என்றேன்.

திரையில் அந்தப் பெண் அதே சொல்லைத் திருப்பிச் சொன்னாள்.

“எனக்கும் தீரலைங்க.”

விளக்கு போட்டதும் சண்டை ஆரம்பித்தது. “அப்ப ஷிஃப்ட்டு மாத்தனத சொன்னானா, இல்லியா?” என்று ஒருவர் என்னைக் கேட்டார். சொல்லவில்லை என்றேன். “அந்தம்மாவுக்குத் தெரியுமா?” அதுவும் படத்தில் இல்லை என்றேன். “என்னா சார் படம் இது, பாதியில வுட்டுட்டீங்க” என்று அலுத்துக்கொண்டார், நான்தான் எடுத்தவன் மாதிரி.

பின் பெஞ்சிலிருந்து ஆரோக்கியத்தின் குரல் வந்தது. “அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா... கதவ தொறந்திருக்குமா?”

ஸ்டெல்லா கம்பளிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை ஆரோக்கியம் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். “அண்ணா, பை டூ குடிச்சிட்டு... அப்படியே அந்தப் பக்கம் போலாமா?” என்றார். ஸ்டெல்லா வாசல்வரை வந்தாள், அதற்கு மேல் வரவில்லை. ரயில்வே லைனுக்குக் கீழே நடக்கும்போது தலைக்கு மேல் ஒரு ரயில் போனது. இருபது நிமிஷ நடைக்கு எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

சரோஜாவின் வீடு மாடியில். படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினார். கதவு திறந்தே இருந்தது. ஐம்பது வயதுப் பெண் தரையில் பலகை போட்டுக் கறுத்த மாவை மூங்கில் குச்சியில் உருட்டிக்கொண்டிருந்தார். சுவரில் புத்தர் படம். ஜப்பான் சினிமாவில் டிராம்காரர் போய் நின்ற வீட்டிலும் புத்தர் இருந்தார்.

“ஆரோக்கியம் அண்ணனா? என்னாண்ணா, ஆளே இப்படி ஆயிட்டீங்க!” என்று எழுந்து, மணிக்கட்டால் சொம்பை இடுக்கித் தண்ணீர் கொண்டுவந்தார். மறுபடி பலகை முன் உட்கார்ந்து உருட்டிக்கொண்டே என்னை யாரென்று கேட்டார். மலேசியாவிலிருந்து வந்த சொந்தம் என்றேன்.

ஆரோக்கியம் தண்ணீரைக் குடித்தார். மூச்சு வரவில்லை. என்னைப் பார்த்தார். நேற்று அத்தனை பேருக்கும் பேசினவன்தானே நான்.

“அம்மா, இவரு வந்து...” என்று தொடங்கினேன். ஆரோக்கியம் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.

“அன்னிக்கி நைட்டு... என் ஷிஃப்ட்டு. மாணிக்கத்துது இல்ல. நான்தான்... மாத்திக்கச் சொன்னேன்.”

சரோஜா கையிலிருந்த குச்சியை முழுவதும் உருட்டி முடித்து மற்றவற்றோடு வைத்தார். திட்டுவார், அழுவார், வெளியே போகச் சொல்வார் என்று ஒவ்வொன்றுக்கும் நான் தயாராக இருந்தேன்.

“ஷிஃப்ட்டு மாத்திக்கினா போனாரு?” என்று கேட்டார்.

ஆரோக்கியம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“அன்னிக்கி சாயங்காலம் கொழம்புல உப்பு இல்லன்னாரு. ஒங்கம்மா கையாலயே போய் துன்னுன்னு சொல்லிட்டேன். ஷிஃப்ட்டு இல்லாத நாளு, சட்டைய மாட்டிக்கினு எறங்கிப் போயிட்டாரு. எம்மேல இருந்த கோவத்துலதான் போனாருன்னு நெனச்சேன். நான் வாய மூடிக்கினு இருந்திருந்தா வூட்டுல படுத்திருப்பாரே, செத்திருக்கமாட்டாரேன்னு... பதினாலு வருசமா அப்படித்தாண்ணா நெனச்சிக்கினு இருக்கேன்.”

இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வாயைத் திறக்காத இவர் தன் பாரத்தைத் தானே சுமந்தார் என்றுதான் நினைத்திருந்தோம். அதை இன்னொருத்தி தலையிலும் ஏற்றி வைத்திருக்கிறார்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணா.”

சரோஜாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“தீரல, சரோஜா” என்றார் ஆரோக்கியம்.

“தீராது” என்றார் சரோஜா. “எப்படித் தீரும்? நீங்க ஞாயித்துக்கெழம வாங்க. அவரு எப்படி ஒத்துக்கினாரு, என்ன பேசனாரு, கோவமா இருந்தாரா, எல்லாத்தயும் ஒக்காந்து சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

கிளம்பும்போது என் கையில் ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொடுத்தார். விரல் ரேகை பதிந்த குச்சிகள், இன்னும் முழுசாகக் காயவில்லை.

மூன்று ஞாயிறு ஆரோக்கியம் போனாராம். நான் ஈப்போ திரும்பிய பிறகு ஸ்டெல்லா எழுதியிருந்தாள். ஷிஃப்ட் மாற்றக் கேட்டபோது மாணிக்கம் சிரித்தார், “ஞானஸ்நான பிரியாணியில எனக்கும் என் சம்சாரத்துக்கும் எடுத்து வை” என்றார், அதை மூன்றாவது ஞாயிறுதான் சொல்லி முடித்தாராம். நாலாவது ஞாயிறு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. சரோஜா ரயில்வே லைனைத் தாண்டி நடந்து வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிரியாணிக் கதையை மறுபடியும் சொல்லச் சொன்னாராம். அதற்கடுத்த வாரம் அடக்கத்துக்கும் வந்தாராம்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அந்த ஊதுபத்தியில் ஒன்றை ஏற்றினேன். அப்பாவுக்குப் படம் கிடையாது, அதனால் அம்மா படத்துக்கு முன்னால். அவள் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த வாசல் திறந்துதான் இருந்தது. அதில் இன்னும் யாரும் வந்து நிற்கவில்லை. அவள் அந்தக் குண்டைப் பற்றிச் சொன்ன வாக்கியத்துக்கும் என்னிடம் பதில் இல்லை. சீப்போடு வந்த முடியைப் பார்த்துவிட்ட பிறகு இனி கிடைக்கப்போவதும் இல்லை.

“தீரலம்மா” என்றேன்.